மூத்த விவசாயிகளைக் கௌரவிக்கப் போகிறீர்களா? மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒரு வழிகாட்டல்

முதல் வருடம் நாங்கள் கௌரவித்தவர்களில் ஒருவர் எழுபது தாண்டிய வட்டவிதானை, வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் பொறுப்பாளர். அழைப்பிதழில் காலை 9.00 மணி என்று போட்டிருந்தோம். மனுசன் எட்டரைக்கே வெள்ளை வேட்டி சால்வையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தது பன்னிரண்டேகாலுக்கு. ஆனி மாதம், தகரப் பந்தல், கச்சான் காற்று புழுதியை அள்ளி வந்து சோடாப் போத்தலுக்குள் கொட்டுகிறது. பதினொரு மணிபோல என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"மனே, இது எப்ப முடியும்? இண்டைக்கு எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி முறை. பொடியன் வக்கடையச் சரியாக் கட்டியிருக்க மாட்டான்." வக்கடை என்றால் வரம்பில் தண்ணீர் விட வெட்டும் வாய்.

ஊருக்கே நாற்பது வருடம் தண்ணீர் பிரித்துக் கொடுத்தவரை, அவருடைய சொந்தத் தண்ணீர் முறையன்று கதிரையில் கட்டிப்போட்டு வைத்திருந்தோம். பொன்னாடை போர்த்தும்போது வியர்வையில் அது முதுகோடு ஒட்டியது. சான்றிதழில் பெயரும் பிழை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை செய்துவிட்டோம். இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதுதான் மனதுக்கு நிறைவாக நடந்தது. இப்போது பக்கத்து ஊர்க் கழகங்கள், கமக்காரர் அமைப்புகள், அம்பாறைப் பக்கத்து நண்பர்கள் எல்லாம் "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் போனில் சொல்லி அலுத்துவிட்டது, ஆகவே எழுதிவிடுகிறேன்.

1. ஆளைத் தேடுமுன் காரணத்தை எழுதுங்கள்

பெரும்பாலான ஊர்களில் முதல் கூட்டத்திலேயே பெயர்கள் வந்துவிடும். தலைவரின் மாமா, கோயில் வண்ணக்கர் (நிருவாகி), இருபது ஏக்கர் போடியார். அவர்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் முதலில் வந்தால் காரணத்தை அதற்கேற்ப வளைக்க வேண்டிவரும். "விவசாயத்துக்கு அரும்பணி ஆற்றியவர்" என்று எல்லாச் சான்றிதழிலும் ஒரே வரி விழுவது இப்படித்தான்.

முதல் கூட்டத்தில் பெயர் சொல்லத் தடை போடுங்கள். அதற்குப் பதிலாக, எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) இன்றைக்கும் பயன்படுகிற எது யாரால் வந்தது என்று கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில்களைப் பாருங்கள்: சண்டையில்லாமல் தண்ணீர் பிரித்த ஒழுங்கு, கைவிட்டுப்போன பழைய நெல்லைக் கைக்குள்ளே வைத்திருந்தது, இடம்பெயர்ந்து திரும்பியபின் தூர்ந்துபோன வாய்க்காலை முதலில் வெட்டத் தொடங்கியது, மாட்டுக்கு முறிவு தறிவு பார்த்தது, கலப்பைக்குக் கொழு அடித்துக் கொடுத்த பட்டறை, விடுமுறை நாளிலும் சைக்கிளில் வயலுக்கு வந்த விவசாயப் போதனாசிரியர். இந்த வரிகளை எழுதிய பிறகுதான் பெயர்களைச் சேர்த்தோம். அந்த வரிகளில் சரிபாதிக்கு மேல் காணி இல்லாத ஆட்களின் பெயர்கள் விழுந்தன. ஒரு துண்டு வயல்கூடச் சொந்தமில்லாத முல்லைக்காரர் (போடியாரின் வயலில் கூலிக்கு வேலை செய்பவர்) ஒருவர் முதலிடத்துக்கு வந்தது அப்படித்தான்.

2. நாளைப் போகம் பார்த்துக் குறியுங்கள்

நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர்கள் நீர் விநியோக அட்டவணையைப் பார்ப்பதில்லை. எங்கள் முதல் பிழை அதுதான்.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டுக்கும் பொருந்துகிற காலம் பெரும்போக வெட்டு முடிந்து, சிறுபோக உழவு தொடங்காத இடைவெளி. மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நெல் விற்ற காசு இருக்கும், வயலில் வேலை இருக்காது, பாதைகள் காய்ந்திருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். அந்த வாரம் சனம் எல்லாம் கடைத்தெருவில்தான் நிற்கும்.

தவிர்க்க வேண்டியவை மூன்று. தைப்பொங்கல் பொருத்தமாகத் தெரியும், ஆனால் எங்கள் பக்கம் அப்போது வேளாண்மை (நெற்பயிர்) பெரும்பாலும் வயலில்தான் நிற்கும்; ஆட்கள் இரவிரவாக யானைக் காவலில் இருப்பார்கள். அடுத்தது ஒக்டோபர் 16, உலக உணவு தினம். அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்த நாள். விவசாயிக்கு அது உழவும் விதைப்பும் நெருக்குகிற காலம். மூன்றாவது, ரமழான் நோன்பு. இந்த வருடங்களில் அது பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம் பக்கம் செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்களைப் போல முஸ்லிம் ஊர்களோடு வரம்பு பகிர்கிற தமிழ் ஊர்கள்தான் மறந்துபோகும். வெள்ளிக்கிழமையையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

மாலை விழா வேண்டாம். காலை 8.30க்குத் தொடங்கி 11.30க்கு முடியுங்கள். இருட்டிய பிறகு வயல்வெளிப் பாதையில் வயோதிபரைச் சைக்கிளில் அனுப்பிவிட்டு யானை வந்ததா என்று பயந்துகொண்டிருக்க முடியாது. வாவியைப் பாதையில் (மிதவைப் படகில்) கடந்து வருகிறவர்களுக்கும் பகல் நிகழ்வுதான் வசதி.

இன்னொன்று. தேர்தல் அறிவித்தல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அரச உத்தியோகத்தர்கள் மேடை ஏறத் தயங்குவார்கள், மண்டபம் தருகிறவர்களும் பின்வாங்குவார்கள். ஒரு மாதம் பிந்தினாலும் குறைந்துபோகாது.

3. குழுவும் கணக்கும்

ஏழு பேர் போதும். அதில் குறைந்தது இரண்டு பெண்கள், முப்பது வயதுக்குக் குறைந்த இருவர். பிள்ளைகள் இல்லாவிட்டால் படிவம் நிரப்பவும் படம் எடுக்கவும் ஆளில்லை. விதி ஒன்றுதான்: குழுவில் இருப்பவரும் அவரின் தாய் தகப்பனும் அந்த வருடம் கௌரவம் பெற முடியாது. இதை எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். எங்கள் ஊரில் இந்த ஒரு வரிக்காக இருவர் குழுவை விட்டுப் போனார்கள். போனது நல்லதுதான்.

காசை யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள். கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிவான கமக்காரர் அமைப்பு ஊரில் இருக்குமானால் அதற்கு வங்கிக் கணக்கும் இருக்கும். அமைப்பின் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அந்தக் கணக்கினூடாகவே வாங்கிச் செலவழியுங்கள். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று கட்டாயம். நெல்லாகத் தருகிறவர்களுக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். மூட்டை, நிறை, விற்ற விலை மூன்றும் இருக்கட்டும்.

4. படிவம்: ஒரு பக்கம், ஆறு கேள்வி

முதல் வருடம் யாரோ தந்த நான்கு பக்கப் படிவத்தைப் போட்டோக் கொப்பி அடித்துக் கொடுத்தோம். கல்வித் தகைமை, பெற்ற விருதுகள், வெளிநாட்டுப் பயணங்கள் என்று அதில் இருந்தது. எண்பது வயது விவசாயி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் ஆத்துக்கு அங்கால போனதே கலியாணத்துக்குத்தான்" என்றார்.

இப்போது நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஆளின் பெயரும் ஊரில் அழைக்கும் பெயரும், எந்தக் கண்டத்தில் (வயற்பகுதியில்) எத்தனை வருடம், என்ன செய்தார் என்று ஒரே வசனத்தில், அது இன்றைக்கு எங்கே தெரிகிறது, அதை அறிந்த, உறவில்லாத மூன்று பேர், பெயரைப் பிரேரிப்பவர் யார். இந்தியாவில் பத்ம விருதுக்குப் பெயர் கொடுப்பவர் அந்த ஆளின் சேவையை 800 சொற்களுக்குள் எழுத வேண்டும். எங்கள் ஊர் வேலைக்கு, விசாரித்த பிறகு குழு எழுதும் 150 சொற்கள் தாராளம்.

நான்காவது கேள்விதான் உயிர். "இன்றைக்கு எங்கே தெரிகிறது" என்ற இடத்தை நிரப்ப முடியாமல் திரும்பிய படிவங்கள்தான் அதிகம். ஒரு படிவத்தில் "மூன்றாம் வாய்க்கால் கடைசி வயல்வரை தண்ணீர் போகிறது" என்று மட்டும் எழுதியிருந்தது. போய்ப் பார்த்தோம், போகிறது.

படிவங்களை வாங்க மூன்று வாரம் கொடுங்கள். கமநல சேவை நிலையம், கூட்டுறவுக் கடை, கோயில், பள்ளிவாசல், மாதர் சங்கம் ஆகிய இடங்களில் வையுங்கள். வட்சப்பில் மட்டும் போட்டால் யாருக்கு வட்சப் இருக்கிறதோ அவர்களின் தகப்பன்மாரின் பெயர்கள்தான் வரும்.

5. வீட்டுக்கும் வயலுக்கும் போதல்

வேலையின் முக்கால் பங்கு இதுதான். ஒருவருக்கு இரண்டு தடவை போக வேண்டும்: ஒருமுறை வீட்டுக்கு, ஒருமுறை அவர் சொன்ன இடத்துக்கு. ஆளுக்கு அரைநாள் வையுங்கள். பெரியவர்களிடம் போவதற்கு நல்ல நேரம் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, தேத்தண்ணி நேரம்.

முதலில் பயத்தைப் போக்குங்கள். கையில் பைலோடு இரண்டு பேர் படலையில் நின்றால் ஊரில் என்ன நினைப்பார்கள்? காணி பார்க்க வந்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் உர மானியத்தை வெட்ட வந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் நாங்கள் வாய் திறக்குமுன் பெரியவர் காணி அனுமதிப்பத்திரத்தைப் பொலித்தீன் பையோடு கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டார். அதைக் கையில் வாங்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். கௌரவிப்புக்குக் காணிப் பத்திரம் எந்த விதத்திலும் தேவையில்லை. நாளைக்கு ஒரு காணிப் பிணக்கு வந்தால் உங்கள் தொலைபேசியில் இருக்கும் படம் உங்களைத்தான் இழுக்கும்.

பார்க்க வேண்டிய பத்திரம் ஒன்றே ஒன்று, தேசிய அடையாள அட்டை. அதையும் பெயர் எழுத்துக்காக மட்டும். எங்கள் ஆட்களுக்குக் குறைந்தது மூன்று பெயர் உண்டு: பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அட்டையில் ஒன்று, ஊரில் ஒன்று. சான்றிதழில் அட்டைப் பெயரைப் போட்டு, அதன் கீழே ஊர்ப் பெயரையும் போடுங்கள். எழுதிய தாளை அவரிடமோ பிள்ளையிடமோ காட்டி, சரி என்று கையொப்பம் வாங்குங்கள். அட்டை இலக்கத்தை எங்கேயும் எழுத வேண்டாம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். பழைய ஆட்கள் சிலருக்கு அது உத்தேச வயதுதான் என்பதையும் மனதில் வையுங்கள்.

வேறு எழுத்து ஆதாரம் கேட்டு நெருக்காதீர்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரையோடு போனது பாதி. 1990இல் போருக்குப் பயந்து ஓடும்போது விட்டுப்போனது மீதி. 2007இல் படுவான்கரை முழுக்க எழும்பிப் போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்கூட இல்லாதவர்கள் உண்டு. இவர்களிடம் "பழைய புகைப்படம் இருக்கா ஐயா?" என்று கேட்டுவிட்டு, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். இந்திய விவசாய விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1987இல் முதலாவது உலக உணவுப் பரிசை வாங்கியபோது அவருக்கு ஆராய்ச்சிப் பதிவுகள் சாட்சி சொன்னன. எங்கள் வட்டவிதானைக்கு அவர் தண்ணீர் பிரித்த கண்டத்துக்காரர்கள்தான் சாட்சி. மூன்று குடும்பத்து ஆட்களிடம் தனித்தனியாகக் கதையுங்கள். மூவரையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டால் முதல் ஆள் சொன்னதையே மற்ற இருவரும் திருப்பிச் சொல்வார்கள்.

பெண்களை எப்படித் தவறவிடுகிறோம் என்பதையும் இங்கேதான் கண்டோம். எங்கள் வழமையில் காணி சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். உறுதி மனைவி பெயரில் இருக்கும், கமக்காரர் அமைப்பில் பெயர் கணவனுடையதாக இருக்கும், படிவத்திலும் அவர் பெயர்தான் வரும். ஒரு வீட்டில் விதைநெல் பாதுகாத்தவர் என்று பிரேரிக்கப்பட்டவரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தோம். எந்த நெல், எப்படிக் காயவைத்தீர்கள் என்று கேட்கும் போதெல்லாம் குசினிப் பக்கம் திரும்பி "இஞ்ச, அது எத்தின நாள்?" என்று கேட்டுக்கேட்டுப் பதில் சொன்னார். கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டோம். சுளகோடு வந்து திண்ணையில் இருந்தார். ஒரு பிடி நெல்லைச் சுளகில் பரப்பி, சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நீட்டு, கட்டை, சிவப்பு மூக்கு, பதர். "இது கலவன். இத விட்டா ரெண்டு போகத்துல வட்டையே கலவனாப் போகும் புள்ள." கண்ணைச் சுளகிலிருந்து எடுக்கவேயில்லை. அந்தக் கௌரவம் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. ஐயாவும் அதற்குக் கோபப்படவில்லை.

நெல்லினம் சம்பந்தமான பிரேரணைகளில் ஒரு பொறி இருக்கிறது. "இந்த நெல்லை இவர்தான் கண்டுபிடித்தார்" என்று வரும். பெயரின் முன்னெழுத்தைப் பாருங்கள். பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, பி.டபிள்யூ. என்றால் பொம்புவெல. பி.ஜி. 94-1, ஏ.ரி. 362 எல்லாம் விவசாயத் திணைக்கள ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட இனங்கள். ஊரில் ஒருவர் அதை முதலில் துணிந்து விதைத்திருக்கலாம், விதைநெல்லாகப் பெருக்கி மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். அதுவும் பெரிய காரியம்தான். ஆனால் எழுதும்போது "முதலில் விதைத்தவர்" என்று எழுதுங்கள். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய இனங்களை வைத்திருப்பவர் என்றால், யாரிடமிருந்து வாங்கினார், எத்தனை மாத நெல், கடைசியாக யாருக்குக் கொடுத்தார் என்று மூன்றையும் கேளுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு கைபிடியைக் கரடியனாற்று மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையத்திலோ வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ காட்டிக் கேட்கலாம்.

குளம், வாய்க்கால் சம்பந்தப்பட்டதென்றால் அந்தக் குளம் யார் பொறுப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்கிற சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். தவறான காரியாலயத்தில் பழைய விபரம் தேடி நான் மூன்று தடவை அலைந்தேன். நாலாவது தடவைதான் ஒரு எழுதுவினைஞர், "தம்பி, இந்தக் குளம் எங்கட இல்லையே" என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

6. தெரிவு

வருடத்துக்கு ஏழு பேருக்கு மேல் வேண்டாம். முதல் வருடம் இருபத்திமூன்று பேரைக் கௌரவித்தோம். கடைசி ஆளுக்குப் பொன்னாடை போர்த்தும்போது பந்தலில் இருந்தவர்கள் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சும் பெயர்கள் அடுத்த வருடத்துக்கு அப்படியே இருக்கும் என்று பிரேரித்தவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரே ஒரு விலக்கு: எண்பது தாண்டியவரை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள். நாங்கள் ஒருவரைத் தள்ளினோம்.

மேடையில் யார் முதல் என்ற கேள்வி வரும். கோயிலில் காளாஞ்சி வாங்கும் ஒழுங்கை மேடைக்குக் கொண்டுவர ஆட்கள் இருப்பார்கள். குடி (தாய்வழிக் குலம்), முன்னீடு (முன்னுரிமை) என்று தொடங்கினால் விழா அன்றைக்கே உடையும். நாங்கள் பிறந்த வருட வரிசையில் அழைக்கிறோம். அட்டையில் பார்த்த அந்த இரண்டு இலக்கம் இதற்குத்தான். எழுதி ஒட்டிவிட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

7. கடிதங்கள்

பெரிய வேலையில்லை, பிந்தினால்தான் தலையிடி. பாடசாலை மைதானம் அல்லது மண்டபம் என்றால் அதிபரிடம் கடிதம் கொடுங்கள். அவர் வலயக் கல்விப் பணிமனையைக் கேட்க வேண்டியிருக்கும், ஆகவே ஒரு மாதம் முன்னதாக. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி. மண்டபம் தந்த கடிதத்தின் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் சிபாரிசும் கொண்டு பத்து நாளுக்கு முன் போங்கள். பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அறிவித்தல் கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கிடைத்ததாகத் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். "உங்கட கடிதம் இஞ்ச வரேல்லையே" என்ற வசனத்தை அந்த முத்திரைதான் அடைக்கும்.

8. செலவு

மூன்றாம் வருடம் ஏழு பேருக்கு, 150 பேர் கலந்துகொண்ட விழாவுக்கு எங்களுக்கு ஆனது இது. பந்தலும் கதிரையும் 28,000. ஒலிபெருக்கி 15,000. சாப்பாடு தலைக்கு 400 வீதம் 60,000. பொன்னாடை 1,200 வீதம் 8,400. சட்டகமிட்ட சான்றிதழ் 1,500 வீதம் 10,500. பரிசுப் பொருள் 4,500 வீதம் 31,500. அழைப்பிதழும் பதாகையும் 9,500. பெரியவர்களை ஏற்றி இறக்க ஆட்டோ 9,000. படம் கழுவி வீட்டுக்குக் கொடுக்க 6,000. மொத்தம் 177,900 ரூபாய். உங்கள் ஊரில் விலை மாறும், ஆனால் பங்கு பெரிதாக மாறாது. மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்குப் போகும்.

காசு சேர்க்க நல்ல நேரம் நெல் களத்தில் கிடக்கும் நேரம். வெட்டு மெசின் வந்து போன அன்றைக்குக் கேட்டால் அரை மூட்டை நெல் இலேசாகக் கிடைக்கும். அதையே சித்திரையில் காசாகக் கேட்டால் கிடைக்காது. வர்த்தகர்களிடம் வாங்கலாம். விவசாய இரசாயனக் கம்பனிகளின் பதாகையை மேடையில் கட்ட நாங்கள் இப்போது விடுவதில்லை. பழைய நெல்லைக் காப்பாற்றிய அம்மாவின் தலைக்கு மேலே களைநாசினிப் படம் தொங்கிய கதை எங்களுக்கு உண்டு.

பரிசுப் பொருள் பற்றி ஒரு சொல். கண்ணாடிச் சீல்ட் வாங்காதீர்கள். முதல் வருடம் கொடுத்த சீல்ட் ஒன்றைப் பிறகு ஒரு வீட்டில் பார்த்தேன். அலுமாரி இல்லை, நெல் மூட்டைக்கு மேலே சரிந்து கிடந்தது, எலி பெட்டியைக் கடித்திருந்தது. அடுத்த வருடத்திலிருந்து என்ன வேண்டும் என்று வீட்டுக்குப் போகும்போதே கேட்டுவிடுகிறோம். ஐந்து பேர் கேட்டது யானைக் காவலுக்கு நல்ல டோர்ச் லைட். ஒருவர் குடை. அந்தச் சுளகு அம்மா கேட்டது ஈரம் உள்ளே போகாத மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பரல்.

9. அன்றைய நாள்

முன் நாள் பின்னேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது நேரில் போய் ஞாபகப்படுத்த வேண்டும். மருந்து குடிப்பவரா, எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்றும் கேட்டு வாருங்கள். சீனி வருத்தக்காரர் பலர். காலையில் ஆட்டோ வீட்டு வாசலுக்குப் போகட்டும், துணைக்கு ஒருவரையும் ஏற்றுங்கள்.

பிரதம விருந்தினருக்காகக் காத்திருக்க மாட்டோம் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே பணிவாக எழுதுங்கள். "நிகழ்வு சரியாக 8.30க்கு ஆரம்பமாகும், தாங்கள் எந்நேரம் வரினும் வரவேற்போம்" என்று நாங்கள் எழுதுகிறோம். ஒருவர் கோபித்துக்கொண்டு வரவில்லை. மற்றவர்கள் நேரத்துக்கு வந்தார்கள்.

மேடைக் கதிரைகளில் விவசாயிகள் இருக்கட்டும், அதிகாரிகள் கீழே முன்வரிசையில். உரைக்கு ஆளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் மூன்று உரை. ஒவ்வொருவர் பற்றியும் நீங்கள் எழுதிய 150 சொற்களை ஊர்ப் பாடசாலைப் பிள்ளை ஒன்று வாசிக்கட்டும். அறிவிப்பாளர் வாசித்தால் "பாரெல்லாம் புகழ் பரப்பிய" என்று தன்பாட்டில் சேர்த்துவிடுவார். வாசிக்கும் பிள்ளைக்கு வயல் சொற்கள் தெரியுமா என்று முன்கூட்டியே பாருங்கள். ஒரு பிள்ளை "வக்கடை" என்பதை "வாக்குவாதம்" என்று வாசித்துவிட்டது. ஒருவகையில் அதுவும் சரிதான்.

பெரியவர்களைப் பேசச் சொல்லி மைக்கைத் திணிக்காதீர்கள். விரும்பினால் கேள்வி கேட்டுப் பேசவிடுங்கள். "களவெட்டியில் மாட்டை வைத்துச் சூடு மிதித்த காலத்தில் எப்படி?" என்று ஒருவரைக் கேட்டோம், சூடு மிதிக்கும்போது பாடும் பொலியைப் பாடிக் காட்டினார். பந்தலில் இருந்த கிழவர்கள் எல்லாம் கூடவே எடுத்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

10. காலமானவர்கள்

இதைத் தனியாக வையுங்கள். குடும்பத்தில் யார் மேடைக்கு வருவது என்று முதலே எழுத்தில் வாங்குங்கள். மூத்த மகனும் கடைசி மகளும் ஒரே நேரத்தில் எழும்பி வந்தால் உங்களால் தீர்க்க முடியாது. வீதிக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். பிரதேச சபை வீதியென்றால் சபையில் தீர்மானம் நிறைவேற வேண்டும். அதை விழாவோடு முடிச்சுப் போடாதீர்கள், மாதக்கணக்கில் இழுபடும். எங்களிடம் ஒரு சுருக்கமான வழி உண்டு: அவர் நட்ட மருத மரத்தடியிலோ அவர் வெட்டிய வாய்க்கால் தலைப்பிலோ போய், குடும்பத்தோடு படம் எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டிவிடுவோம். வாய்க்கால் கட்டில் கல் நாட்டுவதென்றால் மட்டும் பொறுப்பான திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் நட்ட கல்லைப் புனரமைப்புக்கு வந்த பெக்கோ இயந்திரம் பிடுங்கிப் போட்ட கதையைப் பக்கத்து ஊரில் கேளுங்கள்.

11. பதிவுப் புத்தகம்

விழா முடிந்து இரண்டு வாரத்துக்குள் மூன்று வேலை. வரவு செலவை எழுதிக் கமநல சேவை நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். படங்களைக் கழுவி வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். போனுக்கு அனுப்பியது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததாகாது. மூன்றாவது பதிவுப் புத்தகம். கட்டியான மட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்று வாங்கி, ஆளுக்கு இரண்டு பக்கம்: அந்த 150 சொற்கள், சாட்சி சொன்னவர்களின் கையொப்பம், ஒரு படம். போதனாசிரியரிடம் காட்டுங்கள். எங்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சுளகு அம்மாவின் வீட்டுக்குப் போய் விதைநெல் கேட்டிருக்கிறார். அம்மா ஒரு மரைக்கால் அளந்து கொடுத்து, அடுத்த போகத்தில் இரண்டு மரைக்காலாகத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியனுப்பினாராம்.

புத்தகத்தில் எழுதத் தொடங்குமுன் எல்லாப் பக்கத்துக்கும் மையால் இலக்கமிடுங்கள். எங்களுடையதில் 14, 15 இரண்டும் இல்லை. யார் கிழித்தது என்றும் தெரியும், ஏன் என்றும் தெரியும். அதனால் இப்போது ஒரு பிரதி வாசிகசாலையில், ஒரு பிரதி பாடசாலையில்.